ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது, ஐஸைத் தொட்டால் ஏன் கை எரிகிறது?

கேள்வி:

டாக்டர், நாங்கள் கொல்லங்கோட்டுக்கும் நீரோடிக்கும் இடையில் கடற்கரையோரம் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை செய்கிறார். ஐந்து வாரத்துக்கு முன் லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்பும்போது, ஏழெட்டு கிலோ வரும் ஒரு செம்பல்லியைக் கறிக்குக் கொண்டுவந்தார். தலையும் ஈரலும் போட்டு வைத்த கறியை அவரும் என் தம்பியும் சாப்பிட்டார்கள். நான் வால் பக்கம் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அன்று ராத்திரியே இருவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. பக்கத்து ஆஸ்பத்திரியில் அலர்ஜி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாளில் வயிறு சரியானது. ஆனால் வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் தரிப்பு, உடம்பெல்லாம் ஊறல். பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் தீ பட்டதுபோல் எரிகிறது என்கிறார். ஐஸ் அள்ளிப்போட முடியாததால் வேலைக்கே போகவில்லை. இன்னொரு டாக்டர், “இது மீன் விஷம், நரம்பில் இருக்கும் சோடியம் சேனல், கால்சியம் சேனலைக் கெடுக்கும்” என்றார். கால்சியம் டெஸ்ட் எடுத்தோம், 9.4, நார்மல். மாமியார் கால்சியம் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். மாமனார் பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் கால்சியம் சேனலுக்கான மாத்திரை என்று போனில் படித்தேன், அதைக் கொடுக்கலாமா? விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு ஆட்கள் இறந்தது இதே விஷத்தாலா என்று அப்பா கேட்கிறார். எனக்கும் இரண்டு நாள் உதடு லேசாக மரத்திருந்தது. ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

— ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் குழந்தை. நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. இந்த விஷம் தாய்ப்பாலில் இறங்கி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, ஓயாத அழுகை, தோலில் தடிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. ஆனால் நீங்கள் சாப்பிட்டது குறைவு, வால் பக்கத்துத் துண்டு, உங்கள் உதட்டு மரப்பும் இரண்டே நாளில் போய்விட்டது. இந்த ஐந்து வாரத்தில் குழந்தை வழக்கம்போல் பால் குடித்து, தூங்கி, எடை கூடியிருந்தால் பாலை நிறுத்த வேண்டாம். எதற்கும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, மீன் சாப்பிட்ட விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களும் இன்னும் சில மாதம் மீனைத் தொடாதீர்கள்.

அடுத்து மாத்திரைகள். அம்லோடிபினைக் கொடுக்கவே கூடாது. கால்சியம் மாத்திரையால் பயன் இல்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால், நாளைக்கு யாராவது இன்னொரு மாத்திரையை நீட்டினாலும் நீங்களே யோசித்து முடிவெடுப்பீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது சிகுவாடெரா என்ற மீன் நஞ்சேற்றமாகத்தான் தெரிகிறது. பவளப்பாறைகளில் வளரும் பாசிமேல் கேம்பியர்டிஸ்கஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரி ஒட்டி வாழ்கிறது. பாசி மேயும் சிறு மீன்களுக்குள் அதன் நஞ்சு போகிறது. அவற்றைத் தின்னும் செம்பல்லி, களவா, சீலா, கடல் விலாங்கு போன்ற பெரிய மீன்களில் வருஷக்கணக்காகச் சேர்கிறது. மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் நிறம், மணம், ருசி எதுவும் மாறுவதில்லை. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், ஐஸில் வைத்தாலும், உப்புப் போட்டு உலர்த்தினாலும் இந்த நஞ்சு அழியாது. அதனால் கறி வைத்ததில் ஏதோ தவறு என்று வீட்டில் யாராவது உங்களைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மீன் எவ்வளவு புதியதாக இருந்தாலும் இது வரும்.

எவ்வளவு சிறிய அளவு போதும் தெரியுமா? பசிபிக் கடல் மீன்களில் இருக்கும் வகைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் எல்லை, ஒரு கிலோ மீனில் 0.01 மைக்ரோகிராம். இதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிய யசுமோட்டோவின் ஜப்பானியக் குழு 4,000 கிலோ கடல் விலாங்கிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு 0.35 மில்லிகிராம்தான். அந்த அமைப்பு 1989இல் வெளியானது.

இவ்வளவு குறைந்த அளவு ஒரு ஆளை ஐந்து வாரம் படுத்த முடிவது, அது போய்த் தாக்கும் இடத்தால்தான். நரம்பின் மேல்படலத்தில் புரதத்தால் ஆன நுண்ணிய துவாரங்கள் உண்டு. சேனல் என்று அந்த டாக்டர் சொன்னது இவற்றைத்தான். சோடியத்துக்கு ஒரு வகை, பொட்டாசியத்துக்கு ஒரு வகை, கால்சியத்துக்குச் சில வகைகள். நரம்பு சும்மா இருக்கும்போது சோடியம் சேனல்கள் மூடியிருக்கும். ஐஸைத் தொட்டால், முள் குத்தினால், அந்த உணர்வு நரம்பில் மின்துடிப்பாகக் கிளம்பும். அந்தத் துடிப்பு ஓடும் இடத்தில் சேனல்கள் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் திறந்து, உடனே அடைத்துக்கொள்ளும். சிகுவாடாக்சின் எனப்படும் இந்த மீன் நஞ்சு, அந்தச் சோடியம் சேனலில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் நரம்பு சும்மா இருக்கும்போதே சேனல் திறக்கிறது, திறந்தால் சீக்கிரம் மூடுவதில்லை. யாரும் தொடாமலே நரம்பு துடிக்கத் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு இருக்கும் தரிப்பும் ஊறலும் இப்படி வருபவை.

கால்சியம் இங்கேதான் வருகிறது. டெஸ்டில் வந்த 9.4 என்பது ஒரு டெசிலிட்டருக்கு 9.4 மில்லிகிராம். இது செல்லுக்கு வெளியே, ரத்தத்தில் இருக்கும் கணக்கு. செல்லுக்கு உள்ளே தனியாக உலவும் கால்சியம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு செல்லும் பிறந்தது முதல் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பூவாற்றில் பொழி முறிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணல்திட்டுக்கு ஒரு பக்கம் தண்ணீர் ஏறி நிற்க, சின்ன வெட்டு விழுந்தாலே பாய்ந்துவிடும். கால்சியமும் அப்படித்தான் உள்ளே பாயக் காத்திருக்கிறது. கொஞ்சம் உள்ளே வந்தால் செல்லுக்கு அது ஒரு கட்டளை: தசை என்றால் சுருங்கு, நரம்பு முனை என்றால் அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்பு, குடல் என்றால் நீரைச் சுரந்துவிடு. அளவு மீறி வந்து தங்கினால் செல்லே அழியும்.

சிகுவாடாக்சின் சோடியம் சேனலைத் திறந்துவைத்தால் கால்சியமும் பின்னாலேயே ஏறிவிடுகிறது. செல்லில் ஒரு பரிமாற்றப் புரதம் இருக்கிறது. மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்புவது அதன் வேலை. உள்ளே ஏற்கெனவே சோடியம் நிறைந்துவிட்டால் அந்த வேலை தளர்கிறது, சில நேரம் திரும்பியும் ஓடுகிறது. அதோடு, நரம்பு சதா துடிப்பதால் நரம்பு முனைகளிலுள்ள கால்சியம் சேனல்களும் அடிக்கடி திறக்கின்றன. முதல் ராத்திரி வந்த வாந்தியும் பேதியும், சிலருக்கு இதயத்துடிப்பு குறைந்து பிரஷர் இறங்குவதும் இப்படி மிகையாகத் தூண்டப்பட்ட நரம்புகளின் விளைவுதான்.

குளிர்ந்த தண்ணீர் எரிவதற்கும் காரணம் தெரிந்திருக்கிறது. எலிகளில் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நஞ்சு பட்ட வலி நரம்புகளில் ட்ரிப்ஏ1 என்ற இன்னொரு சேனல் சாதாரணக் குளிருக்கே திறந்துகொள்கிறது என்று காட்டியது. அந்தச் சேனல் வழியாகவும் கால்சியம் உள்ளே போகும். குளிர்ச்சி என்று போக வேண்டிய செய்தி எரிச்சல் என்று மூளைக்குப் போகிறது. உங்கள் வீட்டுக்காரர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. “ஐஸைத் தொட்டால் சுடுமா” என்று யாராவது கேட்டால், சுடும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். நோயைவிட, தன்னை யாரும் நம்பவில்லை என்பதே இந்த நோயாளிகளை அதிகம் வாட்டுகிறது.

இப்போது கால்சியம் மாத்திரைக்கு வருவோம். டெஸ்ட் எடுத்தது தப்பில்லை. ரத்தத்தில் கால்சியம் நிஜமாகவே குறைந்தால் சோடியம் சேனல்கள் எளிதில் திறந்து, இதேபோல் வாயைச் சுற்றித் தரிப்பு வரும். அது இல்லை என்று உறுதி செய்தது நல்ல வேலை. ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு வெளியே கால்சியம் குறையவில்லை. உள்ளே போவதைக் கட்டுப்படுத்தும் இடம் கெட்டிருக்கிறது. மாத்திரையைக் கூட்டினால் சேனல் மூடாது. பழைய காலத்தில் இந்த நோய்க்குக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டுப் பார்த்தார்கள், பலன் நிரூபணமாகவில்லை. மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

அம்லோடிபின் விஷயம் வேறு. கால்சியம் சேனல் என்பது ஒரே ஒரு சேனல் இல்லை. அம்லோடிபின் அடைப்பது ரத்தக் குழாயின் தசையில் இருக்கும் ‘எல்’ (L) வகையை. அதனால்தான் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்குகிறது. சிகுவாடெராவிலோ பிரஷர் தானாகவே இறங்கக்கூடும். இரண்டும் சேர்ந்தால் ஆள் மயங்கி விழக்கூடும். வலியைக் கடத்தும் நரம்பு முனைகளில் முக்கியமாக வேலை செய்வது ‘என்’ (N) வகைச் சேனல். நரம்பு வலிக்கு நாங்கள் எழுதும் கபாபென்டின், பிரிகாபாலின் இரண்டும் இப்படிப்பட்ட நரம்புக் கால்சியம் சேனல்களோடு சேர்ந்திருக்கும் ஒரு துணைப் புரதத்தில் ஒட்டி, கால்சியம் உள்ளே போவதைக் குறைக்கின்றன. அதாவது இந்த நோயில் நமக்கு வேண்டியது கால்சியத்தைக் கூட்டும் மருந்து இல்லை, சரியான இடத்தில் அதன் நுழைவைக் குறைக்கும் மருந்து. இதே ‘என்’ வகைச் சேனலை அடைக்கும் நஞ்சு கூம்புச் சங்கின் கொடுக்கில் இருக்கிறது. அதைப் போலவே செய்த ஜிகோனோடைடு என்ற மருந்துக்கு, வேறு எதற்கும் அடங்காத வலிக்குத் தண்டுவடத் திரவத்தில் செலுத்துவதற்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடல் நஞ்சுகளைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்புத் தீருவதே இல்லை. நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை நாங்கள் கற்றதில் பெரும்பங்கு இவற்றை வைத்துத்தான்.

உங்கள் வீட்டுக்காரரை நரம்பியல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். கடிதத்தை வைத்து நான் மருந்து எழுதித் தர முடியாது. சர்க்கரை, தைராய்டு, பி12, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். மனித ரத்தத்தில் சிகுவாடாக்சினைக் காட்டும் டெஸ்ட் நம் ஊர் ஆய்வகங்களில் கிடையாது. சாப்பிட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே ராத்திரியில் வந்தது என்ற விவரம்தான் முக்கியமான ஆதாரம். அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையும் கொடுக்கலாம். அது சோடியம் சேனலையே கொஞ்சம் அடக்கும். இவை எல்லாம் தூக்கம் வரவைப்பவை, பிரஷரையும் பாதிக்கலாம். அதனால் மருத்துவர் பார்வையில்தான் தொடங்க வேண்டும், மாத்திரை பழகும்வரை படகில் ஏறக்கூடாது. மானிட்டால் டிரிப் பற்றி யாராவது சொன்னால், ஆரம்ப நாட்களில் அது கொடுக்கப்பட்டதுண்டு. ஆனால் 2002இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் சாதாரண சலைனைவிட மேலான பலன் தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்து அதற்காக அலைய வேண்டாம்.

நோயைத் திரும்பத் தூண்டும் பொருட்கள் சில உண்டு. இவற்றைத் தவிர்ப்பது எந்த மாத்திரைக்கும் குறைந்ததில்லை. குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் மீன் வேண்டாம். கருவாடு, மீன் அச்சாறு எல்லாம் அதில் அடக்கம். கள்ளோ சாராயமோ ஒரு சொட்டும் கூடாது. முந்திரி, நிலக்கடலை போன்ற கொட்டைகளையும், காப்பியையும் தள்ளிவையுங்கள். மரச்சீனிக் கிழங்கோடு மீன் இல்லாமல் என்ன சாப்பிடுவது என்று அவர் கேட்பார் என்று தெரியும். பயறும் முட்டையும் இருக்கட்டும். வெயிலில் உடம்பு வற்ற வேலை செய்வதும் தூண்டும், தண்ணீர் குறையாமல் குடிக்கட்டும். ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தவிர்த்து, குளிக்க வெதுவெதுப்பான நீர் எடுத்துவையுங்கள். தாம்பத்திய உறவு வழியாகத் துணைக்கு எரிச்சலும் வலியும் வந்ததாகச் சில பதிவுகள் இருப்பதால், அவருக்கு முழுக்கக் குணமாகும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இது அடங்கிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். உயிருக்கு ஆபத்தாவது மிக அரிது. வேலைக்குத் திரும்பும்போது ஐஸ் அள்ளும் பொறுப்பைக் கூட்டாளிகள் கொஞ்ச நாள் ஏற்றுக்கொள்ளட்டும். தானே செய்தாக வேண்டும் என்றால் தடித்த ரப்பர் கையுறை, உள்ளே பருத்திக் கையுறை. தலைசுற்றல், மயக்கம், நாடித்துடிப்பு 50க்கும் கீழே போவது, மூச்சுத் திணறல், கை கால் பலமிழப்பது, இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

அப்பா கேட்டது நல்ல கேள்வி. 1997 செப்டம்பரில் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டவர்களில் 7 பேர் இறந்தார்கள், 500க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தமிழ்நாட்டிலும் 1981இல் மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்திருக்கிறார்கள். இவற்றுக்குக் காரணம் சாக்சிடாக்சின் வகை நஞ்சு. அதுவும் கடலின் நுண்ணுயிரியிலிருந்து சிப்பிக்குள் சேர்வதுதான், அதுவும் வேகவைத்தால் போகாது, அதுவும் போய் ஒட்டுவது அதே சோடியம் சேனலில்தான். ஆனால் செய்வது நேர் எதிர். சிகுவாடாக்சின் சேனலைத் திறந்துவிடுகிறது; சாக்சிடாக்சின் வெளியிலிருந்து வந்து அதன் வாயை அடைத்துவிடுகிறது. பேத்தை மீனில் இருக்கும் டெட்ரோடாக்சினும் அப்படித்தான் அடைக்கும். சோடியம் நுழையாவிட்டால் துடிப்பு இல்லை; துடிப்பு இல்லாவிட்டால் நரம்பு முனையில் கால்சியமும் நுழையாது, தசைக்குச் செய்தியும் போகாது. சில நிமிஷத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடு மரத்து, நாக்கு குழறி, கை கால் துவண்டு, கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும்.

இதை உங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லுங்கள். சிப்பியோ பேத்தையோ சாப்பிட்ட பிறகு உதடு மரத்து, பேச்சுக் குழறினால் வாந்திக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் வென்டிலேட்டரில் மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாளில் நஞ்சு சிறுநீரில் வெளியேறி ஆள் எழுந்துவிடுவார். அதனால் ஆசாரிபள்ளமா, திருவனந்தபுரமா, எந்த மாநில ஆஸ்பத்திரி என்று யோசித்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். வென்டிலேட்டர் உள்ள இடம் எது பக்கமோ அங்கே. 108 இரண்டு பக்கமும் உண்டு. அசையாமல் கிடந்தாலும் அந்த ஆளுக்கு நினைவு இருக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவது கேட்கும். போகிற வழியெல்லாம் தைரியமாகப் பேசிக்கொண்டே போங்கள்.

சேனலைத் திறக்கும் நஞ்சுகளில் சிகுவாடாக்சினைவிடக் கொடூரமானதும் உண்டு. அதே கேம்பியர்டிஸ்கஸ் உண்டாக்கும் மைட்டோடாக்சின், செல்லுக்குள் கால்சியத்தை வெள்ளமாகத் திறந்துவிட்டுச் செல்லையே கொல்லும். அது பெரும்பாலும் மீனின் குடல், ஈரல் பகுதியில்தான் இருக்கும். சிகுவாடாக்சினும் சதையைவிட ஈரலில் பல மடங்கு அதிகம். மடகாஸ்கரில் 1993இல் ஒரு சுறாவைச் சாப்பிட்டுப் பலர் இறந்த பிறகு, பெரிய மீனின் ஈரல் என்றால் வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். உங்கள் ஊர் ஆட்கள் சுறாவுக்குப் பேர் போனவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் போகும் பவளப்பாறை மீன் என்றால் தலை, ஈரல், குடல், சினை எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். குணமான பிறகு மீனைத் தொடங்கும்போது சாளை, நெத்தோலி போன்ற சின்ன மீன்களில், கொஞ்சமாகத் தொடங்கட்டும்.

இது எங்கோ தீவுகளில் நடப்பது என்று நினைத்த காலம் போய்விட்டது. மங்களூரில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2012 முதல் 2017 வரை ஜெர்மனியில் பலருக்கு வந்த சிகுவாடெராவில் இந்தியாவிலிருந்து போன செம்பல்லி வகை மீனும் காரணமாக இருந்தது. உங்கள் வீட்டு ஃபிரீசரில் அந்த மீனில் ஏதாவது மிச்சம் இருந்தால் பூனைக்குக்கூடப் போடாதீர்கள். உறையிட்டு, பிடித்த நாள், ஏறக்குறைய எந்தப் பகுதி என்ற விவரத்தோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ மீன்வளத்துறையிடமோ கொடுங்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். அதே படகில் வேறு யாராவது அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோனார்களா என்று விசாரியுங்கள்.

தம்பியைப் பற்றி நீங்கள் மேற்கொண்டு ஒன்றும் எழுதவில்லை. அவரும் அதே தலைக்கறியைச் சாப்பிட்டவர். தரிப்போ ஊறலோ இருந்தும் சொல்லாமல் இருக்கிறாரா என்று கேளுங்கள், வீட்டுக்காரரோடு சேர்த்து அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மீன், மது, கொட்டை, காப்பி என்ற கட்டுப்பாடு இப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும் அவருக்கும் உண்டு.